சிவப்புப் புள்ளி வைத்த சார்ஜர்

2022 நவம்பர் 3, வியாழக்கிழமை, மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம். மேகமலைப் பக்கம் மலையே தெரியாத அளவுக்கு மேகம். மத்தியானம் பிடித்த தூறல் விடவில்லை. மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியில் பதினொரு மில்லிமீட்டர். அணைக்கட்டில் முப்பத்தொரு வருடம் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் குறிக்கிற பழக்கம் போகவில்லை. அன்றைய மழையை எழுதிவிட்டு நோட்டை மூடினேன். முன்னறையில் என் மகள் செல்வி, "அப்பா!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணமான லேப்டாப் சார்ஜரை எனக்கு விற்ற அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. சின்னமனூரில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆறடிக்கு எட்டடி கடை. பலகையில் இருந்தது வளைகுடாவுக்குப் போய்விட்ட அவருடைய தம்பியின் பெயர். போன் கவர், இயர்போன், சார்ஜர், லேப்டாப்புக்கு வேண்டிய சில்லறைச் சாமான். எல்லாரும் "கடைக்காரம்மா" என்பார்கள்.

கடைக்கு வருவதற்கு முன் அந்த அம்மா போடியில் ஏலக்காய்க் கடையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். காய் பொறுக்குவதில் தொடங்கி, மாதிரி பார்க்கும் மேசை வரை போயிருக்கிறார். ஏலக்காய்க்கு நிறத்தையும் அளவையும் பார்த்தால் போதாது. ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே விதை நிறைந்த காய் கனக்கும், பதர் கனக்காது. அந்த அம்மா படியே இல்லாமல் ஒரு கைப்பிடியை அள்ளி லிட்டர் எடை சொல்வாராம்.

கடையிலும் அதே கைதான். ஒரு சார்ஜர் வந்தால் முதலில் இடது உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைப்பார். பொருளைக் கையில் வைத்துவிட்டு அதைப் பார்க்க மாட்டார். எதிரே நிற்கிற கம்பம் பஸ்ஸைப் பார்ப்பார். மூன்று வரை எண்ணும் நேரம். பிறகு, "கை சொல்லிருச்சு" என்பார். நல்லதென்றால் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. இல்லையென்றால் மேசைக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாளிக்குள் எறிவார். "பதரு."

நான் ஒருமுறை கேட்டேன். "ஏம்மா, கனமா இருந்தா நல்ல சார்ஜரா?"

"உள்ள சாமான் இருந்தாத்தானே அய்யா கனக்கும்? வெறும் கூட்டுக்குள்ள என்ன கனம்? இப்ப எல்லாத்துக்கும் ஒரே வாயி. போனுக்கும் சி டைப்பு, லேப்டாப்புக்கும் சி டைப்பு. வாய் ஒண்ணுங்கிறதுக்காக வயிறும் ஒண்ணுன்னு நெனச்சுராதீக. லேப்டாப்பு கேக்குறத குடுக்கணும்னா உள்ள காப்பர் இருக்கணும், கம்பி சுத்துன காயில் இருக்கணும். அதெல்லாம் கனக்கும்."

வோல்ட்டும் வாட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. உறை பிரிக்கவில்லை. நான் நம்பரை நம்புகிறவன். அந்த மீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஆனால் பக்கத்து நகைக்கடைக்காரர் வேண்டுமென்றே சாவிக்கொத்து, பூட்டு, சோப்புக்கட்டி என்று எதையாவது கொடுத்து எடை கேட்பார், பிறகு தன் தராசில் வைப்பார். என் கண் முன்னே ஏழு முறை. ஐந்து முறை துல்லியம். இரண்டு முறை ஒரு கிராம் வித்தியாசம். ஏழுக்கு ஏழு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய சோதனையும் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் ஆட்டோவை அந்தக் கடை முன்னால் நிறுத்துவார்கள். அந்த அம்மா கையைக் கழுவி, துடைத்து, குழந்தையை வாங்குவார். பஸ்ஸைப் பார்ப்பார். தையல்காரர் வீட்டுக் குழந்தைக்கு, "ரெண்டு கிலோ எழுநூறு" என்றார். தகப்பன் ஆஸ்பத்திரி அட்டையை விரித்தான். ரெண்டு கிலோ எழுநூறு. "ஆத்தா, உங்க கைக்கு ஒரு கவர்மெண்டு முத்திரை குத்தணும்" என்று ஆட்டோக்காரர் சொல்ல, அந்த அம்மா குழந்தையின் காலடியில் சிவப்புப் புள்ளி வைக்கப் போவதுபோல் நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம்.

மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் சரக்குக் கொண்டுவரும் ஆள் ஒருவன். அவன் கொண்டுவரும் பெட்டியில் முக்கால்வாசி வாளிக்குள் போய்விடும். ஒருநாள் நான் அங்கே நிற்கும்போதே அவன் கெஞ்சினான்.

"யக்கா, ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் எல்லாக் கடையிலயும் வாங்குறாக. நீங்க மட்டும் ஏங்க்கா இப்படித் தூக்கிப் போடுறீக?"

"லேசா இருக்குடா."

"கனந்தானே வேணும்? அடுத்த தடவ உங்களுக்குன்னே கனமாக் கொண்டாறேன், போதுமா?"

அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

செல்விக்கு ஏழாம் மாதம். அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை ஆண்டிபட்டியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. கைக்கு இருபத்தொன்று வீதம் நாற்பத்திரண்டு கண்ணாடி வளையல். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கார் மூன்று கிலோமீட்டர் வந்தபின் செல்வி, "அய்யோ, லேப்டாப் சார்ஜர் அங்கேயே இருக்கு" என்றாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். என் மனைவி முன் சீட்டைத் தட்டினாள்.

"நேராப் போப்பா. வளையல் போட்டு வாசல் தாண்டுன பிள்ளையத் திருப்பவே கூடாது. மறந்த சாமானுக்குன்னு நம்ம வீட்டு ஆளும் பிள்ள பொறக்குற வரைக்கும் அந்த வாசல்ல போயி நிக்கக் கூடாது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் உண்டு. டிரைவரிடம் திரும்பச் சொல்லவில்லை.

செல்விக்குத் திங்கட்கிழமை வேலை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, கம்பெனி லேப்டாப். பேறுகால விடுப்புத் தொடங்க இன்னும் ஐந்து வாரம். கம்பெனி சார்ஜர் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை அந்த அம்மாவிடம் போனேன். புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது, வெள்ளை நிறம், அறுபத்தைந்து வாட், இருபத்து நாலு உருப்படி. அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்து முடித்திருந்தார். வாளி காலியாக இருந்தது; எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி.

"முதல் தடவையா ஒரு பெட்டி முழுசும் தேறியிருக்கு அய்யா. நூத்திப் பதினெட்டு கிராம். ஒண்ணுக்கொண்ணு மாறல. பய திருந்திட்டான்."

ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தேன். தன் நோட்டில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். யாருக்கு விற்றாலும் எழுதுவது அவர் வழக்கம்.

அடுத்தது நான் செய்த தவறு. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சார்ஜர் வேலை செய்தது. லேப்டாப் ஏறியது. ஆனால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை. தினமும் மத்தியானம் அந்த வெள்ளைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு பொறுக்காமல் எடுக்கும்வரை எண்ணினேன். திங்கட்கிழமை நாற்பது. செவ்வாய் முப்பத்தொன்று. புதன் இருபத்திரண்டு. நாளுக்கு ஒன்பது வீதம் இறங்குகிறது. அணையில் இப்படி மட்டம் ஏறினால் மேலதிகாரியை எழுப்பிவிடுவேன். புதன் மாலையே சார்ஜரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். எண்களைச் சொன்னேன்.

அந்த அம்மா கையைத் துடைத்தார். வாங்கினார். பஸ்ஸைப் பார்த்தார்.

"நல்ல சரக்கு அய்யா. பெரிய சார்ஜர் சுடத்தான் செய்யும். கை சொல்லுது, ஒண்ணுமில்ல."

நான் நாற்பது, முப்பத்தொன்று, இருபத்திரண்டு என்று எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நம்பர் கையில் இருந்தது. தையல்காரர் குழந்தையின் ரெண்டு கிலோ எழுநூறு மனதில் இருந்தது. இரண்டாவதை நம்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எண்ணிக்கை பதின்மூன்று வரவில்லை. ஒன்பதிலேயே கையை எடுத்துவிட்டேன். அப்போதும் பிடுங்கவில்லை. "இந்த மீட்டிங் முடியட்டும்ப்பா" என்றாள் செல்வி.

நாலு பன்னிரண்டுக்குக் கத்தினாள். நான் முன்னறை வாசலுக்கு வந்தபோது ஜன்னல் வழியே அடித்த சாரலில் தரை ஈரமாக இருந்தது. அவள் வெறுங்காலை ஈரத்தில் ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அதன் உலோக விளிம்பு வயிற்றோடு ஒட்டியிருந்தது. வலது மணிக்கட்டு அதன்மேல் இழுத்துப் பிடித்தது மாதிரி நடுங்கியது. பிளாஸ்டிக் தீய்கிற வாடை. மெயின் சுவிட்சுக்குப் பதினொரு எட்டு வைக்க வேண்டும். பிளக்குக்கு நாலு எட்டு. எதற்கு ஓடுவது என்று நான் நின்றேன். இரண்டு வரை எண்ணலாம், அவ்வளவு நேரம் நின்றேன். அதற்குள் என் மனைவி அடுப்படியிலிருந்து விளக்குமாற்றோடு வந்து அதன் கட்டையால் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

செல்வி கையை உதறினாள். நாலு வளையல் உடைந்து ஈரத்தில் விழுந்தது. வலது கையில் பதினேழு. என் மனைவி மகளைப் பார்த்து அழுதாளா, வளையலைப் பார்த்து அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

தேனி ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். மழையில் முப்பத்தெட்டு நிமிடம்.

"அசையுதாம்மா?" என்றேன் வீரபாண்டி தாண்டும்போது.

"தெரியலப்பா."

மறுபடி பழனிசெட்டிபட்டியில் கேட்டேன். அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் கை எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எனக்கு அந்த அம்மாவின் கை ஞாபகம் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அணையில் ஒருமுறை மதகு ஏறாமல் சிக்கியபோதுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். அவர் கருவியை நகர்த்தினார். இன்னும் இரைச்சல். நான் எண்ணத் தொடங்கினேன். பதினேழில் குழந்தையின் இதயத் துடிப்பு, குதிரைக் குளம்புச் சத்தம் மாதிரி வந்தது. "நூத்தி நாப்பத்தாறு. நல்லா இருக்கு" என்றார். எது நல்லது என்று கேட்டேன். நூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபது வரை என்றார். எழுதிக்கொண்டேன். ஆறு, எட்டு மாதிரி விழுந்திருக்கிறது. இன்றும் நோட்டில் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் சம்பந்தி. கையில் மஞ்சள் பை. பைக்குள் கம்பெனி சார்ஜர். "நீங்கதானே எங்க வாசலுக்கு வரக் கூடாது? நான் உங்க வாசலுக்கு வரலாமே. முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே கொண்டாந்துருப்பேனே" என்றார். நானும் என் மனைவியும் தரையைப் பார்த்தோம். ஒரு வாரமாக இதை யாரும் யோசிக்கவில்லை.

பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். சத்தம் போட வேண்டும் என்றுதான் போனேன். நடந்ததைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "பிள்ள...?" என்றார். நூற்று நாற்பத்தாறு என்றேன். "நல்லதுதானே அது?" என்றார். நல்லது என்றேன். அதன்பின் என்னால் சத்தம் போட முடியவில்லை.

அந்த அம்மா சார்ஜரைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் கையைத் துடைத்தார். பஸ்ஸைப் பார்த்தார்.

"இப்பவும் நல்லதுன்னுதான் அய்யா சொல்லுது" என்றார். குரல் மெதுவாக இருந்தது. தன் கையையே பயந்து பார்த்தார்.

நகைக்கடையிலிருந்து சுத்தியல் வாங்கி வந்து உடைத்தார். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சைப் பலகை, அதில் நாலைந்து சாமான். மீதி இடத்தில், பட்டறையில் வெட்டிப் போட்டது மாதிரி ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தார்.

"நாப்பத்தி ரெண்டு."

நகைக்கடைக்காரர் தராசில் வைத்தார். நாற்பத்திரண்டு.

"நான் கேட்ட கனத்தத்தான் குடுத்துருக்கான்" என்றார் அந்த அம்மா. "என் கைக்குன்னே அளந்து செஞ்சுருக்கான் அய்யா."

மதுரைக்காரனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு அவன் வரவே இல்லை.

அந்த அம்மா கடையைச் சாத்தினார். இருபத்து நாலில் விற்காதது ஏழு. என்னுடையது ஒன்று. வெளியே பதினாறு. நோட்டில் பதினைந்து பெயர் இருந்தது. ஒன்றுக்குப் பெயர் இல்லை. குமுளி பஸ்ஸுக்கு ஓடிய ஒரு மலையாளத்து அம்மா வாங்கியது. கண்டக்டர் விசில் ஊதவே, பெயர் எழுதாமலே கொடுத்துவிட்டிருக்கிறார். மஞ்சள் குடை என்பது மட்டும் ஞாபகம்.

பதினைந்து வீட்டுக்கும் போனார். போனில் சொன்னால் கேட்கமாட்டார்கள், கையில் வாங்கினால்தான் ஆச்சு என்றார். ஐந்து வீட்டுக்கு நானும் கூடப் போனேன். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உத்தமபாளையத்தில் ஒருவர் தர மறுத்தார்.

"நல்லாத்தானம்மா ஏறுது? வித்த சாமானத் திருப்பிக் கேக்குறீக. வெல ஏறிருச்சா?"

"வெல ஏறல அய்யா. சூடு ஏறுது."

"எனக்குச் சுடல."

"ரூவாய வாங்கிக்கங்க. வேற சார்ஜரும் தர்றேன். நீங்க தர்ற வரைக்கும் நான் இங்கனதான் உக்காந்துருப்பேன்." வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம். கடைசியில் அந்த வீட்டு அம்மாவே பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "இந்தாங்க, கொண்டு போங்க. தெருவே வேடிக்க பாக்குது."

கடமலைக்குண்டில் ஒரு வீட்டில் சார்ஜர் மெத்தை மேல் கிடந்தது. பக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பெட்டி ஒரு மூலையில் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அன்று திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியைப் பிடித்த இடது கையைப் பல முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளில் பதினைந்தும் வந்தது. என்னுடையது ஒன்று, விற்காதது ஏழு. இருபத்து மூன்று இரும்புத் துண்டு. துணியில் முடிந்து வைத்தார். அதன்பிறகு ஒரு மாதம் போல, மாலை ஐந்தேகால் குமுளி பஸ் வரும் நேரத்துக்கு நிலையத்தில் போய் நிற்பார். மஞ்சள் குடை வந்தால் ஓடுவார். நாலைந்து மஞ்சள் குடைகளைப் பிடித்திருக்கிறார். ஒன்றும் அந்தக் குடை இல்லை.

அவர் கை வைத்துச் சிவப்புப் புள்ளியிட்ட பழைய சார்ஜர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்தன. அவற்றில் வெள்ளையும் உண்டு. புள்ளியைப் பார்த்து நல்லது எது, இரும்பு எது என்று அவராலேயே சொல்ல முடியாது என்றார். நகப்பூச்சுப் பாட்டிலை வாளிக்குள் போட்டுவிட்டார். மீட்டரின் உறையைப் பிரித்தார். ஆனால் அதை மாட்டிப் பார்த்த பிறகும், "இது சரியாக் காட்டுதான்னு யாருக்குத் தெரியும்?" என்று விற்காமல் வைத்துவிடுவார். வியாபாரம் படுத்தது.

ஜனவரியில் செல்விக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி காரை அந்தக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு வளையலை அவள் மறக்கிறவள் இல்லை.

"யக்கா, வாங்குங்க. எத்தனைன்னு சொல்லுங்க."

அந்த அம்மா கடையிலிருந்து இறங்கி வந்தார். கையைக் கழுவினார். துடைத்தார். குழந்தையின் அருகே வரை கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி அட்டையில என்ன போட்டுருக்கு அய்யா?"

"நீங்க சொல்லுங்கம்மா. பிறகு பாப்போம்."

"இல்ல. நீங்க சொல்லுங்க."

ரெண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது என்றேன். "ம்" என்றார். குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டார். மடியிலிருந்து ஆயிரத்து இருநூறு ரூபாயை எடுத்துக் குழந்தையின் கைக்குள் வைத்து மூடினார். அது சார்ஜருக்கு நான் கொடுத்த பணம். நவம்பரிலேயே திருப்பித் தந்தபோது நான் வாங்க மறுத்திருந்தேன்.

அந்த வருடம் சித்திரையில் கடை மாறியது. இப்போது அங்கே திராட்சை ஜூஸ் விற்கிறார்கள். அந்த அம்மா தம்பி வீட்டோடு எங்கோ போய்விட்டார் என்றார் நகைக்கடைக்காரர். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

இருபத்து நாலாவது இன்னும் எங்கோ மாட்டியிருக்கிறது. எந்த வீட்டிலோ, எந்த மெத்தை மேலோ. அதனால் நான் போகிற இடத்திலெல்லாம் குனிந்து பார்க்கிறேன். கல்யாண மண்டபம், டீக்கடை, லாட்ஜ் வரவேற்பு மேசை. வெள்ளைச் சார்ஜர் தெரிந்தால் எடுத்துத் திருப்புகிறேன். சிவப்புப் புள்ளி இருந்தால் உடையவரிடம் விலை பேசி வாங்கிவிடுகிறேன். கிறுக்கன் என்று நினைத்துக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுத்துவிடுகிறேன். போன மாதம் கம்பம் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் வாங்கியதோடு ஆறு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன். ஆறிலும் காப்பர் இருந்தது, காயில் இருந்தது. ஒன்றிலும் இரும்பு இல்லை. ஆறும் நல்ல சார்ஜர்கள். இதுவரை எனக்கு ஆன செலவு நாலாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.